அடி வாங்கும் கான்கிரீட்டும் அதற்குள் இருக்கும் நாரும்

கான்கிரீட்டின் பலம் என்ன என்று எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் எம்20, எம்25 என்று ஒப்பிப்பார்கள். 150 மில்லிமீட்டர் க்யூப் வார்த்து, 28 நாள் தண்ணீரில் போட்டு, மெஷினில் வைத்து மெதுவாக அமுக்கி, உடைகிற நேரத்தில் சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று பார்த்துக் குறிக்கிற எண் அது. இதில் 'மெதுவாக' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே க்யூபைத் தரையில் வைத்துச் சம்மட்டியால் ஒரே போடு போட்டால் என்ன ஆகும்? எம்25 என்ற எண்ணிடம் அதற்குப் பதில் கிடையாது.

ஆனால் நிஜத்தில் கான்கிரீட் வாங்குகிற அடி நிறைய. மேம்பாலத் தூணில் லாரி மோதுகிறது. துறைமுகச் சுவரில் கப்பல் இடிக்கிறது. அஸ்திவாரத்துக்கு இறக்கும் பைலைத் தலையில் அடித்து அடித்துத்தான் மண்ணுக்குள் அனுப்புகிறார்கள். மலைப்பாதையில் பாறை உருண்டு விழுகிறது. போர் வந்தால் குண்டு. இந்த மாதிரி அடிகளுக்காகக் கான்கிரீட்டில் நார் கலக்கும் வழக்கம் எப்படி வந்தது என்று தேடிப் படித்தபோது ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இந்தத் துறையைத் தொடங்கிவைத்த கணக்கு பாதி தப்பு! தப்பான கணக்கு சரியான பொருளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். சிவில் படிக்காதவர்களும் பயப்படாமல் வரலாம். ஒரே ஒரு கணக்குதான் வரும், அதுவும் வெறும் பெருக்கலும் வகுத்தலும்தான்.

முதலில், சுவரில் எதாவது வேகமாக மோதினால் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். கேரம் போர்டில் நாலைந்து காய்களை ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்து ஒரு முனையில் ஸ்ட்ரைக்கரால் சுண்டிப் பாருங்கள். அடி வாங்கிய காய் அநேகமாக அங்கேயே இருக்கும். கடைசிக் காய்தான் தெறித்து ஓடும். சுவரிலும் இதே கதைதான். முன்பக்கம் விழுந்த அடி ஓர் அமுக்க அலையாக உள்ளே ஓடுகிறது. பின்பக்கத்தைத் தொட்டதும் அதற்கு மேல் தள்ள ஆள் இல்லை, எனவே இழுவிசை அலையாக மாறித் திரும்புகிறது. கான்கிரீட் அமுக்கத்துக்குச் சிங்கம். இழுவைக்கு அந்தப் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் தேறும். அதனால் பின்பக்கம் பாளம் பாளமாகப் பெயர்ந்து பறக்கிறது. குண்டு சுவரைத் துளைக்காமல் உள்ளேயே சிக்கி நின்றுவிட்டாலும், அந்தப் பக்கம் ஒளிந்திருந்த மனிதரைச் சுவரே கொன்றுவிடும்.

இதை முதலில் தெளிவாக விளக்கியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்சன். 1914-இல் இரும்புத் தகட்டின் ஒரு பக்கத்தில் வெடிமருந்தை வைத்து வெடித்து, மறுபக்கம் தகடு பெயர்வதைக் காட்டினார். (பாவம், 1918-இல் விமானம் ஓட்டிப் போகும்போது விழுந்து இறந்துபோனார். ஆனால் அவர் பெயரில் இருக்கும் 'ஹாப்கின்சன் பார்' என்ற சோதனைக் கருவியின் வாரிசுகள் இன்றும் உலகம் முழுக்க லேபுகளில் இருக்கின்றன.)

கம்பி கட்டினால் போதாதா என்று கேட்கலாம். கம்பி உதவும், சந்தேகமே இல்லை. 1988-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஒரு ஃபேண்டம் போர் விமானத்தையே ராக்கெட் வண்டியில் ஏற்றி, மணிக்கு சுமார் 775 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கம்பி கட்டிய கான்கிரீட் சுவரில் மோதவிட்டார்கள். விமானம் தூள் தூளானது, சுவர் நின்றது. அந்தப் படத்தைப் பல பேர் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தச் சுவரின் கனம் 3.66 மீட்டர், அதாவது 12 அடி! 12 அடிக்குச் சுவர் கட்ட எல்லோராலும் முடியுமா? சாதாரண கனத்தில் கம்பிக்கு ஒரு பெரிய பிரச்சினை இருக்கிறது. துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பியை மேற்பரப்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டராவது உள்ளே தள்ளித்தான் வைக்க வேண்டும். 'கவர்' என்று நாம் சொல்கிற அந்த வெளித்தோலில் ஒரு கம்பியும் கிடையாது. பின்பக்கம் பெயர்ந்து பறக்கிறது என்று சொன்னேனே, அது இந்தத் தோல்தான். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கிற கட்டமும் அப்படித்தான், வெறும் கான்கிரீட். அடி எங்கே விழும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே எல்லா இடத்திலும், தோலிலும்கூட இருக்கிற மாதிரி ஒன்று வேண்டும். அங்கேதான் நார் வருகிறது.

நார் கலப்பது புதுசு ஒன்றும் இல்லை. மண்சுவருக்கு வைக்கோல் போட்டுக் குழைப்பதைக் கிராமத்துப் பக்கம் பார்த்திருப்போம். பைபிளில் யாத்திராகமத்தில், செங்கல் அறுக்க வைக்கோல் தரமாட்டேன் என்று பார்வோன் அடம்பிடிக்கிற கதை இருக்கிறது. சிமெண்ட் காலத்துக்கு வந்தால், 1874-இல் அமெரிக்காவில் பெரார்ட் என்பவர் இரும்புக் கழிவுத் துகள்களைக் கலந்த செயற்கைக் கல்லுக்குப் பேட்டண்ட் வாங்கினார். 1910-இல் போர்ட்டர் என்பவர் ஆணி, துண்டுக் கம்பி போன்றவற்றைக் கான்கிரீட்டில் கலக்கலாம் என்று எழுதினார். இதெல்லாம் 'போட்டுப் பார்ப்போமே' ரகம். ஏன் வேலை செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கட்டுமான உலகமும் கண்டுகொள்ளவில்லை.

அந்தக் காலத்தில் உண்மையிலேயே ஜெயித்த நார் சிமெண்ட் ஒன்றே ஒன்றுதான். ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்ஷெக், காகிதம் செய்கிற மெஷினைப் பார்த்து அதே பாணியில் ஆஸ்பெஸ்டாஸ் இழையையும் சிமெண்டையும் சேர்த்து மெல்லிய தகடு செய்தார். 1901-இல் பேட்டண்ட், எடர்னிட் என்று பெயர். நம் ஊர்க் கூரைகளில் 'ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்' என்று போட்டிருப்பது அந்த வம்சம்தான். அந்த இழைத்தூள் நுரையீரலுக்குள் போய்ப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுவிடும் என்பது பிற்பாடு தெரிந்த கொடுமை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே எனக்கு வேண்டியது வேறு ஒரு கேள்வி. ஆஸ்பெஸ்டாஸ் இழை இரும்பையே தோற்கடிக்கிற அளவுக்குப் பலமானது. ஷீட்டில் அது தாராளமாகவே கலந்திருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு தேங்காய் விழுந்தால் ஷீட் 'படக்'கென்று உடைந்து போகிறதே, ஏன்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1963-க்கு வருவோம். அந்த ஒரே வருடத்தில் அமெரிக்காவில் இரண்டு வேலைகள் வெளிவந்தன.

முதல் வேலை பிட்ஸ்பர்க் நகரத்து கார்னகி தொழில்நுட்பக் கல்லூரியில் இருந்த ஜேம்ஸ் ரோமுவால்டி, கார்டன் பேட்சன் இருவருடையது. கண்ணாடி ஏன் அதன் கணக்குப்படியான பலத்தைவிட மிகக் குறைந்த விசையில் உடைகிறது என்று கிரிஃபித் என்ற ஆங்கிலேயர் 1920 வாக்கில் ஆராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள்தான் காரணம் என்று காட்டியிருந்தார். ரோமுவால்டி அந்தக் கருத்தைக் கான்கிரீட்டுக்குக் கொண்டுவந்தார். கான்கிரீட்டுக்குள் பிறப்பிலேயே சின்னச் சின்ன விரிசல்கள் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் மெல்லிய கம்பிகள் இருந்தால், விரிசலின் முனை வாய் திறக்கப் பார்க்கும்போது அவை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கம்பிக்கு நடுவே இருக்கிற தூரம் குறையக் குறைய, விரிசல் ஓட ஆரம்பிப்பதற்கான விசை ஏறிக்கொண்டே போகும். சரியாகச் சொன்னால் அந்தத் தூரத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில். 1963-இல் நீளக் கம்பிகளுக்குச் சொன்னதை, அடுத்த வருடம் மேண்டல் என்பவரோடு சேர்ந்து, இஷ்டத்துக்குச் சிதறிக் கிடக்கும் துண்டுக் கம்பிகளுக்கும் நீட்டினார். 1969-இல் பேட்டண்ட் கிடைத்தது.

அழகான கணக்கு. கான்கிரீட் விரிசலே விடாது என்கிற கனவை வர்க்கமூலத்தோடு எழுதிக் கொடுத்தால் எந்த இன்ஜினியருக்குத்தான் பிடிக்காது? கம்பெனிகள் துண்டுக் கம்பி செய்ய இறங்கின. அமெரிக்க கான்கிரீட் கழகம் இதற்கென்றே 544 என்ற எண்ணில் ஒரு குழு போட்டது.

இரண்டாவது வேலை இவ்வளவு அழகு கிடையாது. அமெரிக்க ராணுவத்தின் பொறியியல் ஆய்வகத்தில், வர்ஜீனியாவின் ஃபோர்ட் பெல்வாரில், கோல்ட்ஃபைன் என்பவர் குண்டுவெடிப்பைத் தாங்கும் கட்டடங்களுக்காக சிமெண்டில் பிளாஸ்டிக் இழைகளைக் கலந்து பார்த்தார். நைலான், பாலிப்ரொப்பிலீன் எல்லாம். பாலிப்ரொப்பிலீன் அப்போதுதான் சந்தைக்கு வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. (அதற்கு வழி காட்டிய நாட்டாவுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் இதே 1963-இல்தான்!) முடிவு விசித்திரமாக இருந்தது. பலம் பெரிதாக ஏறவே இல்லை. ஆனால் அடி தாங்கும் திறன் எகிறிவிட்டது.

ரோமுவால்டியின் கணக்குப்படி இது நடக்கவே கூடாது. விரிசலை அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் நார் கான்கிரீட்டைவிட விறைப்பாக இருக்க வேண்டும். இரும்பு கான்கிரீட்டைப் போல ஏழெட்டு மடங்கு விறைப்பு, சரி. பாலிப்ரொப்பிலீனோ கான்கிரீட்டில் பாதிகூட விறைப்பு கிடையாது. ரப்பர் பேண்டை வைத்து யானையைக் கட்டுகிற மாதிரி. ஆனாலும் அடி தாங்குகிறது. ஆக, அந்தப் பக்கம் பலமான ஆஸ்பெஸ்டாஸ், தேங்காய்க்கே உடைகிறது. இந்தப் பக்கம் சோனி பாலிப்ரொப்பிலீன், வெடிகுண்டுக்கு நிற்கிறது. பலத்தை வைத்து மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் விளக்கம் இல்லை.

விளக்கம் வருவதற்கு முன்பே வியாபாரம் வந்துவிட்டது. பிரிட்டனில் ஷெல் கம்பெனி (பெட்ரோல் விற்கும் அதே ஷெல்தான்) பாலிப்ரொப்பிலீன் நார் கலந்த கான்கிரீட்டுக்கு 'கேரிகிரீட்' என்று பெயர் வைத்தது. அதை வாங்கிப் பயன்படுத்தியவர்கள் வெஸ்ட்ஸ் பைலிங் என்ற பைல் கம்பெனிக்காரர்கள். அவர்களுடைய பைலுக்குப் பெயரும் ஷெல் பைல், குழப்பிக்கொள்ள வேண்டாம் :-) குட்டைக் கான்கிரீட் குழாய்களை ஒரு இரும்புத் தண்டில் வளையல் மாதிரி கோத்து, மேலிருந்து சுத்தியலால் அடித்து மண்ணுக்குள் இறக்குவார்கள். பிறகு தண்டை உருவிவிட்டு நடுவில் கான்கிரீட் ஊற்றுவார்கள். ஆயிரக்கணக்கான அடிகளை வாங்கும் அந்தக் குழாய்க்குள் முன்பு கம்பி வலை வைத்து வந்தார்கள். அதற்குப் பதிலாக மிக்ஸரில் கொஞ்சம் பிளாஸ்டிக் நார். குழாயில் விரிசல் விழலாம், பரவாயில்லை. மண்ணுக்குள் போய்ச் சேரும்வரை சிதறாமல் இருந்தால் போதும். ரோமுவால்டி கேட்டதிலிருந்து இது எவ்வளவு வித்தியாசமான தேவை பாருங்கள்!

அந்தப் பக்கம் ரோமுவால்டியின் வர்க்கமூலத்தைச் சோதித்தவர்களுக்கு ஏமாற்றம். 1971-இல் சுரேந்திர ஷாவும் விஜயரங்கனும் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. ஒருவர் பிற்பாடு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சிமெண்ட் ஆராய்ச்சியின் பெரிய தலை. இன்னொருவர் ஆஸ்திரேலியாவில் ஜியோபாலிமர் கான்கிரீட்டுக்குப் பேர் போனவர். நார்களுக்கு நடுவே உள்ள தூரத்தைக் குறைத்தாலும் முதல் விரிசல் விழும் விசை பெரிதாக ஏறவில்லை என்று அவர்கள் காட்டினார்கள். ஆனால் விரிசல் விழுந்த பிறகு? சாதாரண கான்கிரீட் அந்த நொடியே கதை முடிந்து விழுகிறது. நார் போட்டது வளைந்து, வாய் பிளந்து, அப்படியும் விடாமல் தொங்குகிறது. அதை முழுசாக உடைத்து முடிக்கத் தேவைப்படும் ஆற்றல் பல மடங்கு. இந்த ஆற்றல் கணக்கைத்தான் டஃப்னஸ் என்கிறோம். மெதுவாக அமுக்கும் மெஷின் பலத்தைக் கேட்கிறது. சம்மட்டி கேட்பதோ 'என்னிடம் இவ்வளவு ஆற்றல் இருக்கிறது, எங்கே கொட்ட?' என்று. கொட்ட இடம் இருந்தால் சுவர் பிழைக்கும்.

அந்த இடம் எங்கே இருக்கிறது? நார் அறுபடுவதில் இல்லை, உருவிக்கொண்டு வருவதில் இருக்கிறது. அறுபடுகிற நார் ஒரு நொடியில் 'பட்'டென்று போய்விடும். உருவி வருகிற நார் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கான்கிரீட்டோடு உராய்ந்து, வழி நெடுக ஆற்றலைத் தின்றுகொண்டே வரும். கிணற்றில் வாளி விழாமல் கயிற்றை இறுகப் பிடிப்பதற்கும், கையில் உராயவிட்டு இறக்குவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

சொன்ன கணக்கு இதோ. 0.5 மில்லிமீட்டர் விட்டம் உள்ள நேரான இரும்பு நார், அதன் பலம் 1000 நியூட்டன்/ச.மி.மீ., கான்கிரீட்டோடு அதற்கு இருக்கிற பிடிப்பு 4 நியூட்டன்/ச.மி.மீ. என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். பலத்தை விட்டத்தால் பெருக்கி, பிடிப்பின் இரண்டு மடங்கால் வகுத்தால் 62.5 மில்லிமீட்டர். இதைவிட நீளமான நார் நடுவில் அறுந்துவிடலாம். இதைவிடக் குட்டையானது உருவி வரும். ஆகவே 30 மில்லிமீட்டர் நார் போட்டால் நல்லது. இப்போது யாரோ ஒருவர் 'இன்னும் நல்ல கான்கிரீட்' போடுகிறேன் என்று பிடிப்பை 10 ஆக்கிவிட்டார் என்று வையுங்கள். எல்லை 25-க்கு இறங்கிவிடுகிறது. அதே 30 மில்லிமீட்டர் நார்கள் இப்போது அறுபட ஆரம்பிக்கும். கான்கிரீட் உசத்தி, ஆனால் அடி தாங்கும் திறன் கீழே! இதைப் படித்தபோதுதான் 'வலுவாக்கு' என்பதும் 'அடி தாங்க வை' என்பதும் சில சமயம் எதிரெதிர்த் திசை என்பது எனக்கு உறைத்தது.

தேங்காய்க் கேள்விக்கும் இதுதான் பதில். ஆஸ்பெஸ்டாஸ் இழை மிக மெல்லியது, சிமெண்டோடு அபாரமாக ஒட்டிக்கொள்கிறது. உருவ இடமே கொடுக்காது, பலம் தீர்ந்ததும் மொத்தமாக அறுந்துவிடும். கண்ணாடி இழைக்கும் இதே மாதிரி ஒரு சோகம் உண்டு. சிமெண்டின் காரம் சாதாரணக் கண்ணாடியை அரித்துவிடும் என்பதால், பிரிட்டிஷ் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் மஜும்தார் என்பவர் காரம் தாங்கும் கண்ணாடி இழையை உருவாக்கினார். 1971 முதல் பில்கிங்டன் கம்பெனி அதைச் செம்-ஃபில் என்ற பெயரில் விற்றது. புதிதாக இருக்கும்போது நன்றாக அடி தாங்கியது. வருடங்கள் ஓட ஓட, ஈரமான இடங்களில், இழைக்கட்டுகளின் இடுக்குகளில் சிமெண்ட் படிகங்கள் வளர்ந்து பிடிப்பை இறுக்கி, அதையும் நொறுங்கும் பண்டமாக ஆக்கிவிட்டன.

இந்தப் புரிதல் வந்த பிறகு நார் வடிவமைப்பே மாறியது. பெல்ஜியத்தின் பெக்கர்ட் கம்பெனி 1970களில் முனை வளைந்த இரும்பு நாரைக் கொண்டுவந்தது. அந்தக் கொக்கி, நாரை அசையாமல் பூட்டி வைப்பதற்கு என்று தோன்றும். உண்மையில் இழுக்கும்போது கொக்கி நிமிர்ந்து நிமிர்ந்து நேராகி வெளியே வர வேண்டும், அந்த நிமிர்வு ஆற்றலைக் குடிக்க வேண்டும், அதுதான் திட்டம். நீள மெல்லிய நார் மிக்ஸரில் சிக்கி தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி உருண்டு கொள்ளும் தொல்லைக்கும் அவர்களே வழி கண்டார்கள். நார்களைத் தண்ணீரில் கரையும் பசையால் ஸ்டேப்ளர் பின் மாதிரி ஒட்டி விற்றார்கள். மிக்ஸரில் போட்டதும் பசை கரைந்து நார்கள் தனித்தனியாகப் பரவும்.

அடுத்த தகராறு அளப்பதில். ஏசிஐ 544 குழு பரிந்துரைத்த சோதனை கிராமத்துத் திருவிழா விளையாட்டு மாதிரி எளிமையானது. 6 அங்குல விட்டம், இரண்டரை அங்குல கனத்தில் ஒரு கான்கிரீட் வட்டு. அதன் மேல் ஓர் இரும்புக் குண்டு. 4.54 கிலோ சுத்தியலை ஒன்றரை அடி உயரத்திலிருந்து அந்தக் குண்டின் மேல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் அடிக்கு சுமார் 20 ஜூல். எத்தனையாவது அடியில் முதல் விரிசல், எத்தனையாவது அடியில் துண்டுகள் விலகி, சுற்றி நிற்கும் நாலு முளைகளில் மூன்றைத் தொடுகின்றன என்று எண்ணினால் போதும். சாதாரண கான்கிரீட்டில் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே ஓரிரண்டு அடிதான் வித்தியாசம் இருக்கும். நார் போட்டதில் இடைவெளி நீண்டுகொண்டே போகும். செலவில்லாத சோதனை, ஆனால் ஒரே கலவையில் வார்த்த வட்டுகளே ஒன்றுக்கொன்று கண்டபடி வேறு எண் காட்டும். ஐந்தாறு வட்டை உடைத்துவிட்டு 'இத்தனை சதவீதம் முன்னேற்றம்' என்று எழுதியிருக்கும் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

1980களில் கனடாவின் வான்கூவரில் நெம்குமார் பந்தியா, சிட்னி மிண்டஸ், ஆர்னான் பெண்டூர் மூவரும் பெரிய சுத்தியலை உத்தரங்கள் மேல் விழவிட்டு, கூடவே உத்தரத்தின் மேல் முடுக்கமானிகளையும் ஒட்டினார்கள். சுத்தியலில் பதிவாகும் விசையில் பெரும்பகுதி உத்தரத்தை உடைக்கப் போகவில்லை, அசையாமல் கிடந்த அதைக் கீழ்நோக்கி ஓட வைக்கவே செலவாகிறது என்று தெரிந்தது. அந்தப் பங்கைக் கழிக்காமல் விட்டால் எந்தக் கான்கிரீட்டும் சூரனாகத்தான் தெரியும்.

பிறகு வந்தவை எல்லாம் இதே ஓட்டத்தின் நீட்சி. லங்கார்ட் என்பவர் அமெரிக்காவில் 1970களின் கடைசியில் முறையைத் தலைகீழாக்கி, அச்சு முழுக்க முதலில் நாரைக் கொட்டிவிட்டு அதன் மேல் சிமெண்ட் கூழை ஊற்றினார். சாதாரணமாக இரண்டு சதவீதத்தைத் தாண்ட முடியாத நாரின் அளவு இதில் பத்தையும் தாண்டியது. 1990களில் பிரான்சில் ரிச்சர்ட், ஷெய்ரெஸி இருவரும் ஜல்லியே இல்லாத, மிகமிக நைஸான கலவையில், சுமார் 13 மில்லிமீட்டர் நீளமுள்ள, மிக மெல்லிய உயர்பல இரும்பு நாரைப் போட்டார்கள். இவ்வளவு பிடிப்பான கான்கிரீட்டில் சாதாரண நார் அறுந்துவிடும் என்று மேலே போட்ட கணக்கு சொல்கிறது அல்லவா, அதனால்தான் நாரையும் அவ்வளவு குட்டையாக, அவ்வளவு பலமாக வைத்தார்கள்.

நம் ஊரிலும் இதன் ஒரு துண்டு காலடியில் கிடக்கிறது. சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இரும்பு நார் கான்கிரீட்டில் பாதாளச் சாக்கடை மூடிகளை உருவாக்கி, தொழில் செய்கிறவர்களுக்கு அந்த முறையைக் கொடுத்தது. வார்ப்பிரும்பு மூடி என்றால் ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். கான்கிரீட் மூடியைத் திருடி யாருக்கு விற்பது? ஆனால் வெறும் கான்கிரீட் லாரிச் சக்கரம் ஏறி இறங்கும் அடிக்கு நிற்காது, ஓரமெல்லாம் உதிரும். ஆகவே நார், விளிம்புக்கு இரும்புப் பட்டை. ரோட்டில் நடக்கும்போது குனிந்து பாருங்கள், சில மூடிகளில் ஹெச்டி-20 என்று பதித்திருக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி கனரக மூடி, 20 டன் சோதனை என்று அர்த்தம். அந்த 20 டன்னும் மெஷினில் வைத்து மெதுவாக ஏற்றுவதுதான். குண்டும் குழியுமான ரோட்டில் சக்கரம் 'தடால்' என்று வந்து விழுகிற அடிக்கு மூடியின் மேல் எந்த எண்ணும் இல்லை. அதை உள்ளே இருக்கும் நார்கள்தான், கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே, தாங்கிக்கொண்டிருக்கின்றன.